சிறு பகுதிகளின் மக்கள் தொகை: எண்ணிக்கையும் துல்லியமும்

இந்தியாவில் 1881ஆம் ஆண்டு முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் தொகைக் கணக்கெடுப்பு தவறாது நடைபெற்றது. நாட்டின் மொத்த எண்ணிக்கையை அறிய அது நம்பத்தக்க சான்றாகும். ஆயினும் நகராட்சிப் பொறியாளருக்கும் கல்வி அலுவலருக்கும் தேவைப்படுவது நாட்டின் மொத்தமன்று. ஒரு வார்டின் எண்ணிக்கையே. மொத்தம் சரியாக இருப்பதனாலேயே அதன் ஒவ்வொரு கூறும் சரியாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

விடுபாட்டின் அளவு

கணக்கெடுப்பு முடிந்தபின், தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் மீண்டும் எண்ணிப் பார்த்து, விடுபட்டோரின் விகிதத்தை மதிப்பிடும் முறை 1951 முதல் கையாளப்பட்டு வருகிறது. 2011இல் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாக மதிப்பிடப்பட்டது. 121 கோடி மக்களில் இது சுமார் 2.8 கோடியாகும். 2001இலும் நாட்டுச் சராசரி இதே அளவுதான். ஆனால் கிராமங்களில் சுமார் 17 ஆக இருந்த விடுபாடு, நகரங்களில் 40ஐ நெருங்கியது.

இந்த விகிதம் பெரும் பரப்புக்கே உரியது. 150 வீடுகளும் 600 பேரும் உள்ள ஒரு கணக்கெடுப்பு வட்டாரத்தில், பூட்டிக் கிடந்த ஐந்து வீடுகள் விடுபட்டால் 20 பேர் குறைவர். விகிதம் ஆயிரத்துக்கு 33 ஆகிவிடும். அடுத்த வட்டாரத்தில் ஒருவர்கூட விடுபடாதிருக்கலாம். சராசரி இவ்விரண்டையும் மறைத்துவிடுகிறது.

மெட்டுகுடாவின் நிலை

ஹைதராபாத் மாநகரில், செகந்திராபாத்தை அடுத்துள்ள மெட்டுகுடாவை எடுத்துக்கொள்ளலாம். அங்கு ரயில்வே குடியிருப்புகளும் நெருக்கமான சந்துகளும் அருகருகே உள்ளன. பணிமாற்றத்தால் குடும்பங்கள் வருவதும் போவதும் குடியிருப்புகளில் இயல்பு. சந்துகளில் ஒரே கதவிலக்கத்தின் கீழ்ப் பல குடும்பங்கள் வாழக்கூடும். இரண்டும் கணக்கெடுப்பாளரின் விழிப்பைச் சோதிப்பவை.

இதனினும் பெரியது எல்லைச் சிக்கல். ஒரு தெருவின் கோடி வீடுகள் அடுத்த வார்டில் சேர்த்து எண்ணப்பட்டால், மாநகரின் மொத்தம் மாறாது. ஆனால் ஒரு வார்டு இழந்ததை மற்றொன்று பெற்றுவிடும். மேல் மட்டத்தில் ஒன்றையொன்று ஈடுசெய்யும் பிழைகள் கீழ் மட்டத்தில் அப்படியே தங்கிவிடுகின்றன.

2007இல் 12 நகராட்சிகளும் 8 ஊராட்சிகளும் இணைக்கப்பட்டுப் பெருநகர ஹைதராபாத் மாநகராட்சி உருவாயிற்று. 2009 தேர்தலுக்கு 150 வார்டுகள் வகுக்கப்பட்டன. மெட்டுகுடா அவற்றுள் ஒன்று. ஆகவே 2001ஆம் ஆண்டின் வார்டு எண்ணிக்கையை 2011ஆம் ஆண்டினதோடு ஒப்பிடுமுன், எல்லைகள் ஒன்றா எனப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் எல்லை மாற்றம் மக்கள் பெருக்கமாகத் தோன்றும்.

எவர் எங்கு எண்ணப்படுவர்?

2014 ஆகஸ்ட் 19 அன்று தெலங்கானா அரசு ஒரே நாளில் வீடுதோறும் ஆய்வு நடத்தியது. நலத்திட்ட உதவிகள் இதனோடு இணைக்கப்படும் என்ற எண்ணத்தால், மாநகரில் வாழ்ந்தோர் பலர் சொந்த ஊர் சென்று பதிவு செய்துகொண்டனர். மாநிலத்தின் மொத்தம் இதனால் மாறாது. மாநகர வார்டுகளில் குறையும்; ஊர்களில் கூடும். வழக்கமாக வாழும் இடத்தில் எண்ணுவது என்ற விதி சிறு பகுதிகளுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை இது உணர்த்துகிறது.

செய்ய வேண்டுவன

வார்டு எண்ணிக்கையைக் கொண்டே தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான இடங்கள் ஒதுக்கப்படுகின்றன; குடிநீரும் பள்ளிகளும் திட்டமிடப்படுகின்றன. விடுபட்ட குடும்பம் தன் பங்கை அடுத்த கணக்கெடுப்பு வரை இழக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் மறைவாகக் காக்கப்படுவதால், பிற்பாடு பெயர்களைப் பார்த்துத் திருத்தவும் இயலாது. எனவே திருத்தம் களத்திலேயே நிகழ வேண்டும்.

2021இல் நடைபெற வேண்டியிருந்த கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு 2025 ஜூனில் அறிவிக்கை வெளியாயிற்று. இதில் தாளுக்குப் பதில் கைபேசிச் செயலி பயன்படும். கருவி கூட்டல் பிழையைத் தவிர்க்கும். தட்டப்படாத கதவைத் தட்டாது. வட்டார வரைபடத்தைக் கையில் கொண்டு எல்லையைச் சுற்றி வருதலும், பூட்டிய வீட்டுக்கு மீண்டும் செல்லுதலும், மேற்பார்வையாளர் சில வீடுகளைத் தாமே சரிபார்த்தலும் என்றும் தேவைப்படும். புள்ளிவிவரத்தைப் பயன்படுத்தும் அலுவலரும், வார்டு எண்ணிக்கையைப் பள்ளிச் சேர்க்கை, குடிநீர் இணைப்பு முதலிய பதிவுகளோடு ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வருதல் நன்று.