கழுத்தறுத்தான் கோழியும் ரெண்டு குஞ்சுகளும்

இன்னைக்கு எபிசோட் ஒரு சண்டையில இருந்து தொடங்குது. தோவாளையில எங்க ஆச்சி கழுத்தறுத்தான் கோழி வளர்த்தாங்க. கழுத்துல இறகே இல்லாம, சிவப்பா தோல் தெரியுமே, அதுதான். பக்கத்து வீட்டுச் சித்திக்கு அடை வைக்க எட்டு முட்டை கொடுத்தாங்க. பொரிச்சதுல ரெண்டு குஞ்சுக்குக் கழுத்து நிறைய இறகு. “வேற முட்டையக் கலந்து தந்துட்டியளே பெரியம்மா”ன்னு சித்தி சொல்ல, அதோட ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுபோச்சு.

ஆச்சி கலக்கல. சாட்சி அந்தச் சேவல், பெட்டையோட கழுத்துலயே இருந்துச்சு: முன்பக்கம், கீழ, ஒரு சின்ன இறகுக் குஞ்சம். கழுத்தறுத்தான் ஜீன் ஒரே பிரதியா இருந்தா அந்தக் குஞ்சம் வரும். ரெண்டு பிரதி இருந்தா கழுத்து கிட்டத்தட்ட மொட்டை. அப்போ தாய், தகப்பன் ரெண்டுமே ஒரு சாதாரண பிரதியை ஒளிச்சு வச்சிருக்கு. நாலுல ஒரு குஞ்சுக்கு அது ரெண்டும் சேர வாய்ப்பு. எட்டுக்குச் சரியா ரெண்டு வந்தது தற்செயல்தான். ஒண்ணுகூட வராமலும் போயிருக்கலாம்.

சரி, ஏன் கழுத்து மட்டும்? 2011-ல் வந்த ஆய்வு இதை விளக்கியது. இந்த மாற்றத்தால் தோலில் பிஎம்பி12 என்ற புரதம் கூடுதலாகச் சுரந்து, இறகு முளைப்பதைத் தடுக்கிறது. கழுத்துத் தோலில் உருவாகும் ரெட்டினாயிக் அமிலம் அந்தத் தடையைப் பலமாக்குகிறது. ஒரு ஜீன் தனியா வேலை பார்க்கிறதில்ல, பாருங்க.

கொண்டையில இது இன்னும் தெளிவு. இங்கிலாந்தில் பேட்சன், புன்னட் ரெண்டு பேரும் 1900-களின் தொடக்கத்தில் ரோஜாக் கொண்டைக் கோழியையும் பட்டாணிக் கொண்டைக் கோழியையும் இணை சேர்த்தார்கள். பிறந்தது ரெண்டும் இல்ல, வால்நட் பருப்பு மாதிரி ஒரு புதுக் கொண்டை! அந்தக் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்த்தால், பதினாறுக்கு 9 வால்நட், 3 ரோஜா, 3 பட்டாணி. மிச்சம் ஒண்ணு நம்ம வீட்டுக் கோழி மாதிரி சாதா ஒற்றைக் கொண்டை. ரெண்டு ஜீன் சேர்ந்துதான் ஒரு கொண்டை.

இதுல ஒரு விலையும் உண்டு. ரோஜா ஜீன் ரெண்டு பிரதி இருக்கிற சேவலுக்கு விந்து வீரியம் குறைவு. அதனாலதான் ரோஜாக் கொண்டையா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் ஒற்றைக் கொண்டை விடாம எட்டிப் பார்க்குது.

ஆச்சிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். “இத அவகிட்ட யாரு போய்ச் சொல்லுவா மக்கா?”ன்னாங்க. நான்தான் போனேன். சித்தி பதில் பேசல. கூட்டைத் திறந்து, வளர்ந்த கோழியை ஒவ்வொண்ணா தூக்கி, கழுத்துல விரலை வச்சுத் தடவ ஆரம்பிச்சாங்க. “இதுல குஞ்சம் இருக்கு... இதுல இல்ல...”