சிறிய நாடும் பெரிய வெள்ளமும்: இலங்கையின் காலநிலைக் கொள்கைகள் போதுமானவையா?

(மெல்பேர்ண், கிளேட்டனில் நடைபெற்ற பெற்றோர் - இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



சில வாரங்களுக்கு முன்னர் எனது மகள் பாடசாலை விவாதத்திற்கென ஒரு கேள்வியோடு வந்தாள். "அப்பா, ஒரு சின்ன நாட்டின் அரசாங்கம் காலநிலை மாற்றத்துக்குப் போதிய அளவு செய்கிறதா என்று நான் பேச வேணும். இலங்கையை எடுக்கலாமோ?" என்று கேட்டாள். நான் மென்பொருள் துறையில் பணியாற்றுபவன். காலநிலை அறிஞன் அல்லன். எனினும் அவளுக்காகத் தேடிப் படித்தவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். உலகம் வெளியிடும் பச்சைவீட்டு வாயுக்களில் இலங்கையின் பங்கு ஒரு விழுக்காட்டிற்கும் மிகக் குறைவு. நாம் வாழும் அவுஸ்திரேலியாவில் ஒருவர் சராசரியாக வெளியிடும் அளவு, இலங்கையில் ஒருவர் வெளியிடும் அளவிலும் பன்மடங்கு. இலங்கை தனது புகைபோக்கிகள் அனைத்தையும் நாளையே மூடினாலும் வங்கக் கடலில் புயல் எழுவது நிற்கப்போவதில்லை. ஆகவே அத்தகைய நாட்டை அளக்கும் கோல் வேறு. எவ்வளவு புகையைக் குறைத்தது என்பதைவிட, வெள்ளத்திலிருந்தும் மண்சரிவிலிருந்தும் தன் மக்களை எவ்வளவு காத்தது என்பதே அந்தக் கோல்.

ஏட்டளவில் இலங்கையைக் குறைகூற முடியாது. 2016இல் பாரிஸ் உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தியது. 2016 முதல் 2025 வரையான தேசிய இசைவாக்கத் திட்டமொன்றையும் வகுத்தது. 2030இல் மின்சாரத்தின் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதாகவும், 2050இல் காபன் நடுநிலையை எட்டுவதாகவும், புதிய நிலக்கரி மின்நிலையங்களை அமைப்பதில்லை எனவும் 2021இல் உலகிற்கு வாக்களித்தது. 900 மெகாவற் கொண்ட நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தை நம்பியிருக்கும் நாட்டிற்கு இது சிறிய வாக்குறுதி அன்று.

அந்த ஏட்டிற்கான தேர்வு 2025 நவம்பர் 28இல் வந்தது. டிட்வா புயல் கிழக்குக் கரையில் ஏறியது. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் அந்நாடு கண்ட பேரழிவு இது. பெருந்தொகையானோர் மடிந்தது கடற்கரையில் அன்று. கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகளில்.

அங்கே வாழ்பவர்களில் பலர் நம் மலையக உறவுகள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தும், தாம் வாழும் லயன் அறைக்கும் அது நிற்கும் நிலத்திற்கும் உரிமையற்றவர்கள். "இந்த இடம் ஆபத்தானது, வெளியேறுங்கள்" என்று அதிகாரி சொன்னால், அவர்கள் எங்கே செல்வது? 2014 ஒக்ரோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம் மண்ணுள் புதைந்தது. அந்த இடத்தைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்குக் காணி இருக்கவில்லை. டிட்வாவின்போது இன்னொரு குறையும் சேர்ந்தது. எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மலை சரியும் இரவில் மொழி என்பது பண்பாட்டுச் சிக்கல் மட்டுமன்று. அது உயிர்ச் சிக்கல்.

இனி மன்னாருக்கு வருவோம். 2020 திசம்பரில் அங்கே 30 காற்றாலைகள் கொண்ட "தம்பபவனி" திறக்கப்பட்டது. கொள்கைக் கணக்கில் அது வெற்றி. ஆனால் 2025இல் தீவில் மேலும் காற்றாலைகள் அமைக்க முற்பட்டபோது மக்கள் வாரக்கணக்கில் வீதியில் நின்று எதிர்த்தனர். காற்று மின்சாரத்தின்மீது அவர்களுக்குப் பகை இல்லை. கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் காற்றாலைகளுக்கென அமைத்த பாதைகள் மழைநீர் வடிவதைத் தடுத்து ஊரை வெள்ளத்தில் ஆழ்த்துகின்றன என்பதும், மீன்பிடி பாதிக்கப்படுகின்றது என்பதுமே அவர்களின் முறைப்பாடு. காலநிலையைக் காக்கும் திட்டமே, காலநிலையால் முதலில் பாதிக்கப்படுவோரை மேலும் நலிவாக்கலாமா? அவர்களை முன்கூட்டியே கேட்டிருந்தால் இந்தக் கேள்வி எழுந்திராது.

நன்மையையும் சொல்ல வேண்டும். ஆறில்லாத யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்துவரும் நிலையில், தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. எனினும் அது மின்சாரத்தை உண்ணும் தீர்வு. பெய்யும் மாரிமழையைத் தேக்கும் குளங்களைத் தூர்வாருவதற்கும் அதே அக்கறை வேண்டும்.

ஆகவே என் மகளுக்கு நான் சொன்ன விடை இதுதான்: ஏட்டில் போதும், நாட்டில் போதாது. ஒரு மென்பொருள் எங்கள் கணினியில் இயங்குவதால் அது முடிந்துவிட்டதாக நாம் கொள்வதில்லை. கடைசிப் பயனரின் கையில் இயங்கினால்தான் அது வேலை செய்கின்றது என்போம். லயன் அறையில் இருக்கும் தாய்க்கும் மன்னார் மீனவருக்கும் வேலை செய்யாத கொள்கை முடிவடையாத கொள்கையே.

நாம் என்ன செய்யலாம்? பெற்றோர்களே, நிவாரணத்திற்குக் கொடுக்கும்போது, மலையக மக்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் உறுதியுடன் கூடிய காணி வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்தே கொடுங்கள். 1964, 1978 புயல்களைக் கண்ட முதியோர் நம்மிடையே இருக்கின்றனர். எந்த ஊரில் எதுவரை நீர் நின்றது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். இளையோரே, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். நிலக்கரியைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்யும் இந்த நாட்டின் குடிமக்களாக நமக்கும் இதில் பொறுப்புண்டு. கணினி பயில்வோர், அனர்த்த எச்சரிக்கைகள் தமிழிலும் உடனுக்குடன் சென்றடையும் வழிகளை ஆராயுங்கள்.

இலங்கை அரசைக் குறைகூறுவது எளிது. அடுத்த மாரிக்கு முன்னர் ஒரு குடும்பமாவது சரிவிலிருந்து மேட்டுக்கு வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் கடினம். அதை நாம் கேட்போம்.