தராசு தந்த பாடம்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நாற்றுமேடையில் நலிந்த பயிருக்குக் கதிர் தள்ளும் காலத்தில் உரமிட்டுப் பயனில்லை என்பதை உங்களுக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆயின், பிள்ளைகள் விடயத்தில் மட்டும் இந்த அறிவை நாம் மறந்துவிடுகின்றோம். பள்ளிக்கூடம் கட்டுகின்றோம், பரிசளிப்பு விழா நடத்துகின்றோம், பல்கலைக்கழக அனுமதிக்காக வாதாடுகின்றோம். உடலும் மூளையும் மிக விரைந்து வளரும் முதல் மூன்று ஆண்டுகளையோ தாயின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு வாளாவிருக்கின்றோம். வாக்குரிமையில்லாக் குழந்தைக்காக மேடையேறுவோர் சிலரே.

அக்காலத்தில் அரசும் ஊரும் குடும்பமும் எவ்வாறு பங்காளிகளாக நிற்கலாம் என்பதற்குத் தமிழ்நாடு காட்டிய வழியொன்று உண்டு. அங்கே காமராசர் ஆட்சியில், 1956இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கப்பெற்றது. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். இரண்டும் போற்றத்தக்கன. ஆனால், நடக்கவும் தொடங்காத குழந்தை பந்திக்கு எவ்வாறு வரும்? பசியின் கொடுமை அதற்கன்றோ மிகுதி!

இக்கேள்விக்கு விடையாக, 1980இல், உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் பிறந்தது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்திலே தொடங்கி, ஆறு மாவட்டங்களுக்கு அது பரவியது. 1990இல் இரண்டாம் கட்டமாக மேலும் விரிவடைந்தது.

அதன் முறை எளிது. ஆறு மாதம் முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் தராசில் நிறுத்தார்கள். நிறையை அட்டையிற் கோடாக வரைந்தார்கள். கோடு ஏறினால் நன்று. ஏறாது நின்றால், அக்குழந்தைக்குத் தொண்ணூறு நாள் மேலதிக உணவு அளித்தார்கள், தேறியதும் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் எந்நாளும் ஊட்டுவது நோக்கமன்று. குழந்தை மெலிந்து நோயாளியாகுமுன்னரே அறிந்து தடுப்பதும், அவ்வறிவைத் தாயின் கையிற் கொடுப்பதுமே நோக்கம். தாய்ப்பாலின் அருமை, ஆறு மாதத்துக்குப் பின் ஊட்டவேண்டிய உணவு, வயிற்றோட்டத்தின்போது கொடுக்கவேண்டிய நீர் ஆகியவற்றை அட்டையைக் காட்டியே விளக்கினார்கள்.

இப்பணிக்கு எத்தகைய பெண்ணைத் தேடினார்கள் என்பதைக் கவனியுங்கள். அவள் அவ்வூரிலேயே வாழ்பவளாக இருத்தல் வேண்டும். ஏழையாயினும் தன் பிள்ளைகளை நன்கு வளர்த்தவளாக இருந்தால் மிக நன்று. பட்டணத்து நிபுணரின் சொல்லை ஐயுறும் தாய், தன்னைப்போல் வறுமையிலும் பிள்ளையைத் தேற்றியவளின் சொல்லை நம்புவாள். அவளுக்குத் துணையாக ஊர்ப் பெண்கள் குழுக்களாகத் திரண்டார்கள். சிற்றூர்கள் பலவற்றில் குழந்தைகளின் உணவைத் தயாரித்தவர்களும் அவர்களே.

விளைவு யாது? கடுமையான ஊட்டக்குறைவு மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை குறைந்ததென மதிப்பீடுகள் காட்டின. குறைகளும் இருந்தன. நடுத்தர ஊட்டக்குறைவு அவ்வளவாகக் குறையவில்லை. மருத்துவச் சேவை உணவுப் பணியோடு எங்கும் இசைந்து நடக்கவில்லை. எனினும், தாயைக் கையேந்தி நிற்பவளாக வைக்காது பங்காளியாக்கியதே அதன் பெருமை. கடன் முடியும், அமைச்சர் மாறுவார், அட்டையைப் படிக்கக் கற்ற தாயோ வீட்டிலேயே இருப்பாள்.

நாமும் வெறுங்கையர் அல்லர். 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு ஏற்பட்ட காலந்தொட்டு வளர்ந்த சேவை நம்முடையது. மருத்துவமாது வீடு தேடி வருகின்றார்; பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு நம் இல்லங்களில் இருக்கின்றது; சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த திரிபோஷா 1973 முதல் வழங்கப்படுகின்றது. ஆயினும், 2022இன் நெருக்கடியில், தக்க தரமுள்ள சோளம் கிடையாமையால் அவ்வுற்பத்தியே இடர்ப்பட்டது. சோளம் விளைவது கமக்காரர் நிலத்திலே. ஆதலால், குழந்தையின் கிண்ணத்துக்கும் உங்கள் வயலுக்கும் உள்ள உறவு கற்பனையன்று.

ஆகவே, மூன்று காரியங்களை வேண்டுகின்றேன். நிறை பார்க்கும் நாளில், கூலிக்கு வரும் தாய்மாரை வேதனம் குறைக்காது விடுங்கள். உழுந்து, பயறு, குரக்கன், எள்ளு ஆகியவற்றில் ஒரு பகுதியை ஊர்ப் பெண்கள் திரித்துக் குழந்தைகளுக்கு மாவாக்க ஒதுக்குங்கள். வைத்தியர்களே, ஆசிரியர்களே, அப்பதிவேட்டின் கோட்டைத் தாய்க்கு மட்டுமன்றித் தந்தைக்கும் படித்துக் காட்டுங்கள். பிள்ளை வளர்ப்பு பெண்ணுக்கு மட்டும் விதித்த கடமையன்று.

அரசாங்கம் தன் கடமையினின்று நழுவ நாம் இடமளிக்கலாகாது. மருத்துவமாது இல்லாத ஊருக்கு அவரைக் கேட்டுப் பெறுவோம். ஆனால், அவர் வரும்வரை குழந்தையின் வளர்ச்சி காத்திராது. அடுத்த நிறை பார்க்கும் நாளில் வராத பிள்ளை எது, ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு ஊருக்கு நால்வர் முன்வாருங்கள். அதுவே தொடக்கமாகட்டும்.