இப்போது விட்டாலும் லாபம்தான்

(செண்பகத்தோப்புக்கு நம் குடியிருப்பினர் சென்ற ஞாயிறு நடைப்பயணத்தில், காலைச் சிற்றுண்டிக்குப் பின் பேசியது.)



வனத்துறைச் சோதனைச்சாவடியில் தீப்பெட்டி, சிகரெட் கொண்டுபோகக் கூடாது என்றதும் நம்மில் மூன்று பேர் முகம் வாடியதைப் பார்த்தேன். குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானே 26 வருஷம் பிடித்தவன். விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

வரும் வழியில் ஒரு நண்பர் கேட்டார்: "முப்பது வருஷமாப் பிடிக்கிறேன் சார். கெட்டது கெட்டுப் போச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது?" விலங்கியல் வாத்தியாராக இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். அதற்கான பதில்தான் இது.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு நூலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நம் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவும் இரட்டை இழைதான். எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று செல்லுக்குச் சொல்வது அதுதான். சிகரெட், பீடிப் புகையிலுள்ள பென்சோபைரீன் போன்ற நச்சுகள் உடம்புக்குள் மாறி, அந்த இழையில் ஒட்டிக்கொள்கின்றன. மில்லில் அறுந்த இழையைச் சேர்க்க ஆள் இருப்பதுபோல, செல்லுக்குள்ளும் பழுது பார்க்கும் ஏற்பாடு உண்டு. அது தவறவிட்டது நிரந்தரப் பிழையாகிவிடும்.

தினம் ஒரு பாக்கெட் பிடித்தால், ஒரு வருஷத்தில் நுரையீரல் செல் ஒவ்வொன்றிலும் சராசரியாக 150 பிழைகள் சேர்கின்றன என்று 2016இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலானவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் டிபி53 என்ற காவல்கார மரபணு, கேராஸ் என்ற வளர்ச்சி மரபணு போன்றவற்றில் பிழை விழுந்து, அப்படிச் சில ஒரே செல்லில் சேர்ந்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கும்.

இனி நண்பரின் கேள்வி. 2020இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில், புகையை விட்டவர்களின் மூச்சுக்குழாயைப் பார்த்தார்கள். புகைச் சேதம் அதிகமில்லாத செல்கள் அங்கே 40 சதவீதம் வரை இருந்தன. தொடர்ந்து பிடிப்பவர்களிடம் இருந்ததைப்போல் இது நான்கு மடங்கு. காடு எரிந்த பிறகு தப்பிய வேரிலிருந்து துளிர் வருமே, அதுபோலத் தப்பிய செல்கள் பெருகுகின்றன என்பது ஆய்வாளர்கள் கருத்து. பழைய பிழைகள் எல்லாம் மறைந்துவிடுவதில்லை. அதனால்தான் நாளை என்று தள்ளிப்போடாமல் இன்றே விட வேண்டும்.

பிடிக்காதவர்களுக்கும் ஒரு வார்த்தை. புகையே தொடாத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. அவர்களில் பலருக்கு ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. மூன்று வாரம் நிற்காத இருமல், சளியில் ரத்தம் என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். மாடிப்படியில் நின்று பிடிப்பவர்களே, அந்தப் புகை மேல்வீட்டுக் குழந்தைக்கும் போகிறது.

விட உதவி வேண்டுமா? மத்திய அரசின் இலவச எண் 1800-11-2356.

நண்பரே, காலையிலிருந்து மூன்று மணி நேரம் பிடிக்காமல் இருந்துவிட்டீர்கள். வீட்டுக்குப் போன பிறகும் அதைத் தொடருங்கள்.