கூச்சத்துக்குப் பின்னால் ஒரு கட்டி

 

"சந்தவாசல் டாக்டரும் நாலு வார்த்தை பேசட்டும்" என்று மேடையேற்றிவிட்டார்கள். வெற்றிக் கதைகளை மற்றவர்கள் சொல்வார்கள். நான் கோட்டைவிட்ட கதையைச் சொல்கிறேன்.

ஜவ்வாது மலையடிவாரத்தில், சந்தவாசலில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தேன். மல்லாட்டைக் கொல்லையில் வேலை செய்யும் ஒரு அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். "நீர்க்கடுப்பு சார்" என்றார். மாத்திரை எழுதினேன். அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும் வந்தார். மூன்று தடவையும் மாத்திரைதான்! நான் ஆம்பளை டாக்டர். சொல்ல அவர் கூசினார், கேட்க நான் கூசினேன். கடைசியில் என் நர்ஸ்தான், "சார், அவங்களுக்குக் கீழே ஏதோ தட்டுப்படுதாம். அடி இறங்கிடுச்சுன்னு துணி கட்டிக்கிட்டு இருக்காங்க. ஒரு தடவை பாத்துடுங்க" என்றார்.

பார்த்தேன். எலுமிச்சம்பழ அளவில், வழவழப்பாக, கெட்டியாக ஒரு கட்டி. கருப்பை இறக்கம் என்றே எனக்கும் முதலில் தோன்றியது. ஸ்பெகுலம் வைத்துப் பார்த்தால், கருப்பைவாய் தன் இடத்திலேயே இருக்கிறது! கட்டி வந்தது முன்சுவரிலிருந்து, மூத்திரத்தாரையை ஒட்டி. வேலூருக்கு அனுப்பினேன். ஸ்கேனும் சிஸ்டோஸ்கோப்பியும் பார்த்து, கதீட்டர் வைத்துத் தாரையைக் காத்துக்கொண்டு, கட்டியை முழுதாக எடுத்தார்கள். பயாப்ஸியில் லியோமயோமா என்று வந்தது. அதாவது, கருப்பை ஃபைப்ராய்டின் உடன்பிறப்பு. 1894-லேயே மருத்துவ ஏட்டில் ஏறிய கட்டிதான். அபூர்வம் என்பதால் நம் நினைவுக்கு வருவதில்லை. பிள்ளை பெறும் வயதில்தான் அதிகம் வரும். கர்ப்ப காலத்தில் சில சமயம் பெருக்கும். முழுதாக எடுத்துவிட்டால் திரும்ப வருவது அரிது.

மாணவர்களே, பெண்ணின் மூத்திரத்தாரை நாலு சென்டிமீட்டர்தான். அதற்குள் எத்தனை வேஷம் பாருங்கள்! மாதவிலக்கு நின்ற பெண்ணுக்குத் துவாரத்தின் பின் உதட்டில் சிவப்பாக ஒரு சதை இருந்தால், பெரும்பாலும் கேரங்கிள். தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம். இருந்தால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு போதும். துவாரத்தை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நிற்பது ஸ்கீன் சுரப்பியின் நீர்க்கட்டியாக இருக்கலாம். அழுத்தினால் தாரை வழியே சீழோ சிறுநீரோ வந்தால் டைவர்ட்டிகுலம் என்று சந்தேகப்படுங்கள், எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டிவிடும். சிறுமிக்குத் துவாரத்தைச் சுற்றி வளையமாக, ரத்தக் கசிவோடு இருந்தால் தாரைச் சவ்வு பிதுங்கியிருக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சீழ்க்கட்டி என்று நினைத்துக் கிளினிக்கிலேயே கீறிவிடாதீர்கள். தாரையில் ஓட்டை விழுந்தால் அந்தப் பெண்ணுக்கு மூத்திரம் ஒழுகக்கூடும். எடுத்த சதை எதுவானாலும் பயாப்ஸிக்கு அனுப்புங்கள். இந்த இடத்தில் புற்றும் வரும், அபூர்வமாக.

தையல் பிரித்த பிறகு அந்த அம்மா வந்தார். "புத்து இல்லையே சார்?" என்றார். "இல்லம்மா, சாதாக் கட்டிதான்" என்றேன். அழுதுவிட்டார். ரெண்டு வருஷமாகப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லையாம். அதில் மூன்று மாதம் என் கணக்கு.

ஒரு திரைச்சீலை, பக்கத்தில் ஒரு நர்ஸ், "வேற எதாவது இருக்காம்மா?" என்று ஒரு கேள்வி. இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். நான் தாமதமாகக் கற்றதை நீங்கள் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள்.