பற்றரியா, டைனமோவா?

1948ஆம் ஆண்டு இங்கிலாந்திலே அறிமுகமான மொறிஸ் மைனர் கார்கள் இலங்கை வீதிகளில் இன்றும் ஓடுகின்றன. இரவில் முன்விளக்கு மங்கி, காலையில் இயந்திரம் இயங்க மறுத்தால், உரிமையாளர் பற்றரியைக் குறைகூறிப் புதியதொன்றை வாங்கிவிடுவார். சின்னாளில் அதுவும் சோர்ந்துவிடும். பற்றரி வெறும் களஞ்சியமே. அதனை நிரப்பும் உழவன் டைனமோ. விளைச்சல் இல்லாதபோது களஞ்சியத்தை மாற்றி என்ன பயன்?

முதலில், இயந்திரத்தை நிறுத்திவிட்டு விசிறிப் பட்டியை விரலால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். அரை அங்குலத்துக்கு மேல் தாழ்ந்தால் பட்டி வழுக்கும். டைனமோ போதிய வேகத்திற் சுழலாது. அடுத்து, பற்றரி முனைகளிலும், காரின் உடலோடு இணையும் கம்பியிலும் படிந்துள்ள துருவை நீக்குதல் வேண்டும்.

பின்னர் டைனமோவின் இரு கம்பிகளையும் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து, அவற்றுக்கும் காரின் உடலுக்குமிடையே வோல்ற்றுமானியைத் தொடுத்து, இயந்திர வேகத்தை மெல்ல உயர்த்துக. மானி 20 வோல்ற்றை எட்டியதும் நிறுத்திவிடுக. மேலும் விரட்டினால் டைனமோ பழுதாகும். மானி எழாவிடின், தேய்ந்த கரித்தூரிகைகளை முதலில் நோக்குக. எழுந்தால், டைனமோ குற்றமற்றது. குறை கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ அதற்குச் செல்லும் கம்பிகளிலோ உள்ளது.

விசாரணைக்குப் பின்னரே தீர்ப்பு. இம்முறை மனிதருக்கு மட்டுமன்றி, பற்றரிக்கும் பொருந்தும்.