கடலை ஆராயலாம், கேள்வி யாருடையது?

(ஸ்காபரோவில் நடந்த மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன சந்திப்பில் ஒரு தம்பி ஒரு பிரேரணை வைத்தார். மன்னார்க் கடலில் பவளப் பாறையும் கடற்பசுவும் அழிஞ்சுகொண்டு போகுது, இங்கயிருந்து காசு சேர்த்து ஒரு ஆய்வுக்குக் குடுப்பம் எண்டார். எல்லாரோடையும் சேர்ந்து நானும் கை தூக்கினன். வீட்டை போற பஸ்ஸில்தான் யோசனை வந்தது. எந்தக் கரையில் நடக்கிற ஆய்வுக்கு? ஆர் கேட்ட கேள்விக்கு விடை தேடுற ஆய்வுக்கு? விடை கிடைச்ச பிறகு அது ஆரின்ர கையில் இருக்கும்? இந்த மூண்டுக்கும் பதில் இல்லாமல் நாங்கள் ஒரு டொலரும் அனுப்பக்கூடாது என்பது என் கருத்து. ஏன் எண்டு சொல்லுறன்.

முதலில் அந்தக் கடலைப் பார்ப்போம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீற்றர் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவானது. 1989 இல் 10,500 சதுர கிலோமீற்றர் உயிர்க்கோளக் காப்பகமானது. எங்கட கரையில் 2015 இல் ஆதாம் பாலம் தேசியப் பூங்கா, 2016 இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடம். நடுவில் 1974, 1976 உடன்படிக்கைகள் கீறின எல்லைக்கோடு. 2016 இல் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தபோது இந்தியப் பக்கமும் வெளுத்தது, இலங்கைப் பக்கமும் வெளுத்தது. அதைப் படிக்கிற ஆய்வு மட்டும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்டு, அந்தப் பக்கம் ஒண்டு எண்டு தனித்தனியா நிக்குது.

இந்தப் பிரிவு தானா வந்ததில்லை. 2022 ஓகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்தது. 2023 ஒக்டோபரில் ஷி யான் 6 கொழும்புக்கு வந்தது. இந்தியா எதிர்ப்புக் காட்டியது. கடைசியில் 2024 ஜனவரியிலிருந்து ஒரு வருடத்துக்கு எந்த வெளிநாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் இடமில்லை எண்டு இலங்கை அறிவித்தது. ஆய்வுக் கப்பல் என்றால் வேவுக் கப்பலா என்ற சந்தேகம் இரண்டு வல்லரசுகளுடையது. அதுக்கு விலை குடுத்தது கடலைப் பற்றிய அறிவு.

சரி, ஒரே கரைக்குள்ளயாவது ஒழுங்கு இருக்கா? ஒரு பாசியின்ர கதையைச் சொல்லுறன். கப்பாபைகஸ் எண்டு ஒரு பாசி. அந்தக் கடலுக்குரியது இல்லை. ஒரு அரச ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் அதைப் பரிசோதித்தது. பிறகு பெப்சி நிறுவனம் வணிகமாக வளர்க்க வைத்தது. வளர்த்தது கரையோரப் பெண்கள், குழு குழுவாக. 2008 இல் மதுரை ஆய்வாளர்கள், அதே பாசி பூங்காவுக்குள் குருசடைத் தீவுப் பவளங்களின் மேல் படர்ந்திருப்பதாக எழுதினார்கள். வேறு விஞ்ஞானிகள் அதை மறுத்தார்கள். ஒரு கை நட, இன்னொரு கை பிடுங்க வேண்டி வந்தது. இவ்வளவு நிறுவனங்களும் ஒரே மேசையில் முதலிலேயே இருந்து, அந்தப் பெண்களையும் பக்கத்தில் இருத்தி, "இது பாருக்குப் போனால் என்ன செய்யும்?" எண்டு கேட்டிருந்தால் கதை வேற மாதிரிப் போயிருக்கும். ஆய்வை ஒருங்கிணைக்கிறது எண்டு நான் சொல்லுறது இதைத்தான்.

ஆனால் விஞ்ஞானிகள் தங்களுக்குள் ஒருங்கிணைஞ்சால் மட்டும் போதாது. 1902 இல் வில்லியம் ஹெர்ட்மன் என்ற விலங்கியலாளர் மன்னார் முத்துப்பார்களை ஆராய வந்தார். 1903 இலிருந்து 1906 வரை ஐந்து தொகுதி அறிக்கை, றோயல் சொசைற்றி வெளியிட்டது. நல்ல ஆய்வுதான், இண்டைக்கும் விஞ்ஞானிகள் புரட்டுகிறார்கள். ஆனால் கேள்வி காலனி அரசின் கேள்வி: முத்து வருமானம் ஏன் விழுந்தது? 1906 இல் அந்தப் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின. மூச்சை அடக்கி அடிக்குப் போன சுழியோடிகளுக்கு அந்த ஐந்து தொகுதியில் எந்த உரிமையும் இல்லை.

இண்டைக்கும் அதே கேள்விதான். பூங்கா அறிவிச்ச பிறகு, தலைமுறையாகத் தீவுகளில் பாசி எடுத்த பாம்பன் பக்கத்துப் பெண்கள் வனத்துறையின் கண்ணில் குற்றவாளிகள் ஆனார்கள். அவர்கள் சங்கம் கட்டினார்கள். மாதத்தில் எத்தனை நாள் எடுக்கலாம், எப்ப நிறுத்த வேணும் எண்டு தாங்களே விதி வைத்தார்கள். 2015 இல் அவர்களின் தலைவி ஒருவருக்குச் சீகோலஜி பரிசு கிடைத்தது. எப்ப பாசி திரும்ப முளைக்கும் எண்டு தெரியாமல் அந்த விதியை வைக்க ஏலாது. அதுவும் அறிவுதான்.

இழுவைமடியை எடுங்கோ. கடலடியைச் சுரண்டுது, வடக்கு மீனவரின் வலையை அறுக்குது. 2010 இல் வடக்கு மீனவர் பிரதிநிதிகள் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சங்கங்களோடு பேசினார்கள். ஒரு வருடத்துக்குள் இழுவையைக் கைவிடுவது எண்டு உடன்பாடும் வந்தது. நடக்கவில்லை. 2017 இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இழப்பு எவ்வளவு, அடிமண் எவ்வளவு கெட்டுப்போனது, விட்டால் எத்தனை வருடத்தில் கடற்புல் திரும்பும் எண்டு இரண்டு கரையும் ஒத்துக்கொள்ளுற கணக்கு வேணும். அந்தக் கணக்கு இல்லாத இடத்தில் கடற்படையும் தேர்தல் மேடையும் பேசுது. விசைப்படகில் கூலிக்குப் போறவன் சிறைக்குப் போறான், முதலாளி கரையில் நிக்கிறார். எங்களுக்கு இரண்டு கரையிலும் உறவு இருக்கு, ஆகவே இரண்டு கரையிலும் பொறுப்பு இருக்கு.

பாதுகாக்கப்பட்ட பகுதி எண்டு பேர் வைச்சாப் போதும் எண்டு நினைக்காதேங்கோ. 2024 மே மாதம் விடத்தல்தீவு ஒதுக்கிடத்திலிருந்து ஏறக்குறைய 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்காக நீக்கும் வர்த்தமானி வந்தது. சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. கையில் தொடர்ச்சியான தரவு இருந்தால்தான் அப்படி ஒரு வழக்கில் நிமிர்ந்து நிக்கலாம்.

வேற வழி இருக்கா எண்டு கேட்டால், நாங்கள் இருக்கிற நாட்டிலேயே இருக்கு. 2010 ஓகஸ்டில் லங்காஸ்டர் சவுண்டில், கனடிய அரசு ஒரு ஜெர்மன் கப்பலை வைத்து கடலடியில் நில அதிர்வுச் சோதனை செய்ய இருந்தது. அதே அரசின் இன்னொரு பிரிவு அதே கடலைப் பாதுகாக்கத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது! இன்யூட் மக்களின் சங்கம் நுனாவுட் நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கியது. 2019 இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 108,000 சதுர கிலோமீற்றர் அளவில் தல்லுருதியுப் இமங்கா உருவானது. நுனாவுட்டில் ஆய்வு செய்ய விஞ்ஞானிகள் உரிமம் வாங்க வேண்டும். ஆராய்ச்சியை ஆர் ஆளுவது எண்டு இன்யூட் மக்கள் 2018 இல் தங்களுக்கே ஒரு தேசிய உத்தி எழுதினார்கள். அவர்கள் விஞ்ஞானத்தை வேண்டாம் எண்டு சொல்லேல்ல. எங்களைக் கேட்டிட்டு வாங்கோ எண்டுதான் சொன்னார்கள்.

ஆகவே தம்பியின் பிரேரணையை நான் எதிர்க்கவில்லை, திருத்தம் கேட்கிறன். மூண்டு நிபந்தனை. ஒண்டு, ஆய்வுக் கேள்வி தொடக்கத்திலேயே இரண்டு கரை மீனவர் சங்கங்களோடும், பாசி எடுக்கிற, நண்டு பொறுக்கிற பெண்களோடும் இருந்து எழுதப்பட வேணும். இரண்டு, கடலுக்குப் போற நாள் கூலிக்கும் படகு எரிபொருளுக்கும் காசு திட்டத்துக்குள்ளேயே இருக்க வேணும். தகவல் தந்ததுக்கு நன்றி எண்டு ஒரு வரி போட்டால் அடுப்பு எரியாது. மூண்டு, முடிவு தமிழில், ஊரில், ஆங்கிலக் கட்டுரை வர முதல் வாசிக்கப்பட வேணும். எந்த இடத்தில் கடற்பசு நிக்குது எண்ட விபரம் வெளியில் போகலாமா எண்டும் அவர்களே முடிவெடுக்கட்டும்.

எங்கட வேலை என்ன? இங்க பல்கலைக்கழகங்களில் படிக்கிற உங்களுக்குக் கட்டுரைகள் இலவசமாகத் திறக்கும், அங்க இருக்கிற சங்கத்துக்குத் திறக்காது. வாசிச்சுச் சுருக்கி, தமிழாக்கி அனுப்புங்கோ. இரண்டு கரைச் சங்கங்களும் ஒரே திரையில் சந்திக்க மாதம் ஒரு அழைப்பை ஒழுங்குபடுத்துவம். பேசுறது அவர்கள். நாங்கள் குறிப்பெடுப்பம். அந்தக் குறிப்பிலிருந்து கேள்வி வரட்டும், கேள்வி வந்த பிறகு காசைப் பற்றிக் கதைப்பம்.

திருத்தத்தை வாக்குக்கு விடச் சொல்லிக் கேட்டு முடிக்கிறன்.